மூணாறு பக்கம் வண்டிச் சத்தம் இல்லாமல் சைக்கிள் ஓட்ட: எந்த ரோடு, எந்த நேரம், எந்தப் பக்கமிருந்து

மூணாறில் சைக்கிள் ஓட்டப் போனேன், ரோடு பூராவும் கார், ஹாரன், டீசல் புகை, இதற்குப் பேசாமல் கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டிலேயே ஓட்டியிருக்கலாம் அண்ணா என்று போன மாதம் ஒரு தம்பி என்னிடம் புலம்பினான். எப்போது போனாய் என்று கேட்டேன். மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி, மாட்டுப்பட்டி ரோடு. சரிதான். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் நடந்து போனாலே கார் கண்ணாடி முழங்கையில் இடிக்கும்.

நான் பிறந்தது மூணாறு எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), இப்போது இருப்பது மறையூரில். இருபது வருடமாக இந்த ரோடுகளில் மிதித்துக்கொண்டிருக்கிறேன், முதலில் பால் கேன் கட்டிய பழைய சைக்கிள், இப்போது கியர் வண்டி. எனக்குத் தெரிந்து இங்கே அமைதியான ரோடு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரே ரோடு எட்டு மணிக்கு நடை திறக்காத கோவில் மாதிரி கிடக்கும், பத்தரைக்கு உடுமலை சந்தை மாதிரி ஆகிவிடும். அதனால் ரோட்டைவிட நேரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் இன்னொன்று, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்றால் இந்த மலையில் அது ஆனை நடமாடுகிற நேரம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கிறது (மாவட்டத்துக்குப் பெயரே இடுக்கிதானே), அந்த இடுக்கில் புகுந்து ஓட்டத் தெரிந்தால் போதும்.

இடத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி இரவிகுளம், ஆனைமுடி சோலை, பாம்பாடும்சோலை, மதிகெட்டான் சோலை என்று நான்கு தேசியப் பூங்காக்கள். இரவிகுளம்தான் பெரியது, 97 சதுர கிலோமீட்டர், 1978இல் தேசியப் பூங்கா ஆனது, தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், அதற்குள் நிற்கிறது. மற்ற மூன்றும் 2003இல் அறிவிக்கப்பட்ட சின்னச் சின்னக் காடுகள், பாம்பாடும்சோலை ஒன்றரை சதுர கிலோமீட்டர்கூட வராது. வடக்கே இறங்கினால் மழை மறைவுப் பக்கம் மறையூர், சின்னாறு சரணாலயம், அதற்கும் கீழே உடுமலை. பூங்காவுக்குள்ளே புகுந்து சைக்கிள் ஓட்டும் பேச்சே இல்லை. இரவிகுளத்தில் டூரிஸ்டுகளை விடுகிற ராஜமலைப் பகுதியில் சொந்த வண்டி எதையும் விடமாட்டார்கள், வனத்துறை பஸ்ஸில் ஏறித்தான் வரையாடு பார்க்கப் போக வேண்டும். நாம் ஓட்டப்போவது இந்தக் காடுகளை ஒட்டியும் ஊடாகவும் போகிற பொது ரோடுகளில்.

எப்போது வரலாம்? டிசம்பர் முதல் மார்ச் பாதி வரை, அதிலும் செவ்வாய், புதன், வியாழன். கிறிஸ்துமஸ் முதல் புதுவருடம் வரையான பத்து நாளையும் பொங்கல் லீவையும் கழித்துவிடுங்கள், அப்போது எங்களுக்கே ஊருக்குள் போக வழி கிடைக்காது. பலருக்குத் தெரியாத ஒரு சூட்சுமம் சொல்கிறேன். வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் வாக்கில் ராஜமலையை வழக்கமாக மூடிவிடுவார்கள். ராஜமலை மூடினால் ஐந்தாம் மைல் பக்கம் வரிசை கட்டி நிற்கும் வண்டிகள் இருக்காது, மூணாறு - மறையூர் ரோடு பாதி காலியாகிவிடும். மற்றவர்கள் எல்லாம் அடடா மூடிவிட்டார்களே என்று உச்சுக்கொட்டுகிற அந்த வாரங்கள்தான் சைக்கிள்காரனுக்குத் திருவிழா.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். மழையில் நனைந்து ஓட்டுவது சுகம் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கும் பிடிக்கும், ஆனால் இங்கே மழை என்றால் நனைவது மட்டும் இல்லை, மண்ணும் கூடவே வரும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு - மறையூர் ரோட்டில் இருந்த பெரியவரைப் பாலமே போய்விட்டது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்ச் சனங்கள். அதற்குப் பிறகு ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட் என்று ரேடியோவில் சொன்னால் நான் சைக்கிளைத் தொடுவதில்லை. அக்டோபர், நவம்பரில் காலை வெயில் அடிக்கும், மதியம் இரண்டு மணிக்கு மேல் இடியோடு கொட்டும், அதனால் அந்த மாதங்களில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கூரைக்குக் கீழே வந்துவிட வேண்டும்.

சரி, ரோடுகளுக்கு வருவோம்.

எனக்குப் பிடித்தது மறையூரில் இருந்து மூணாறு போகிற ரோடுதான், சுமார் 40 கிலோமீட்டர். எல்லோரும் மூணாறில் தங்கி மறையூருக்கு இறங்குவார்கள், அப்புறம் திரும்பி ஏற முடியாமல் ஜீப் தேடுவார்கள். நீங்கள் முந்தின நாளே மறையூரில் வந்து தங்குங்கள். ரூம் வாடகையும் மூணாறைவிடக் குறைவு. மறையூர் சுமார் 1,000 மீட்டர், அங்கிருந்து நிதானமான ஏற்றம், கடைசியில் கன்னிமலை, பெரியவரை பக்கம் மூணாறுக்கு இறக்கம். இதில் கணக்கு என்னவென்றால், உடுமலையில் இருந்து வருகிற வண்டிகளைக் காலையில் செக்போஸ்ட்டில் திறந்துவிட்டபின் அவை மறையூர் வந்து டீ குடித்துக் கிளம்ப எட்டு எட்டரை ஆகும். மூணாறு லாட்ஜ்களில் இருந்து டூரிஸ்டுகள் தோசை சாப்பிட்டுவிட்டு மறையூர் பக்கம் இறங்க ஒன்பதரை, பத்து. ஆக ஆறே முக்காலுக்கு மறையூரைவிட்டுக் கிளம்பினால் பின்னாலும் வண்டி இல்லை, முன்னாலும் வண்டி இல்லை, இரண்டு மணி நேரம் ரோடு உங்களுக்கே.

முதலில் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் சந்தன மரங்கள், பார்த்தால் ஏதோ புளியங்கன்று மாதிரி சாதாரணமாக நிற்கும், இதற்கா இத்தனை வேலி, இத்தனை காவல் என்று தோன்றும். அப்புறம் தலையார், லக்கம் அருவி, வாகுவாரை, அங்கிருந்து கண்ணுக்கு எட்டின தூரம் தேயிலை, மேலே இரவிகுளத்தின் பாறை மதில். வெயில் அந்தப் பாறையில்தான் முதலில் விழும், நீங்கள் ஓட்டுகிற ரோடு இன்னும் நிழலில் குளிர்ந்து கிடக்கும். லக்கம் அருவியில் அந்த நேரத்துக்குக் கடை எதுவும் திறந்திருக்காது, அதனால் தண்ணீர் இரண்டு பாட்டில் கையில் இருக்கட்டும்.

ஏன் ஆறே முக்கால், ஐந்தரைக்கே கிளம்பினால் இன்னும் அமைதியாக இருக்குமே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆறேழு வருடத்துக்கு முன்னால். டிசம்பர் மாதம், நல்ல பனி, முன்னால் ஒரு லைட், காதில் குல்லா. வாகுவாரைக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவு வருவதற்கு முன்னால் ரோட்டில் லத்தி (ஆனைச் சாணம்) கிடந்தது. ஆனை லத்தி இங்கே புதிதா என்ன, ஒதுக்கி ஓட்டினேன். பத்தடி போனபிறகுதான் மூளையில் உறைத்தது, அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நின்றேன். சைக்கிள் நின்றதும் ஃப்ரீவீல் கட கடவென்று சுற்றுகிற சத்தமும் நின்றுவிட்டது, அப்போதுதான் மற்ற சத்தம் கேட்டது, ஈரமான புல்லைக் கொத்தாகப் பிடுங்கி எதிலோ தட்டுகிற மாதிரி, தப், தப். ஆனை புல்லைப் பிடுங்கினால் வேரில் ஒட்டின மண்ணைக் காலில் தட்டிவிட்டுத்தான் வாயில் போடும். கேட்டிருக்கிறேன், அதைப் பக்கத்தில் நின்று கேட்டது அன்றுதான். என் லைட் வெளிச்சத்தில் பனி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது, ஆனை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. லைட்டை அணைத்துவிட்டு, சைக்கிளைத் திருப்பாமல் அப்படியே பின்னால் நடந்தேன். கீழே நூறு மீட்டரில் பால் கொண்டுபோகிற அண்ணன் ஒருவர் தன் வண்டியை நிறுத்திவிட்டு பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மேல நிக்குது தம்பி, உனக்கு கைகாட்டினேனே, பாக்கலியா" என்றார். குல்லாவும் லைட்டும் போட்டு, கண்ணும் காதும் இல்லாமல் அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன், வெளிச்சம் நன்றாக வந்தபிறகு ஓட்டுங்கள். எஸ்டேட்டில் காலையில் பெரட்டு (ஆள் கணக்கு) எடுத்து, ஆள் பிரித்து, கொழுந்து எடுக்கிற அக்காமார் மலைக்குப் போகும் நேரம் இருக்கிறதே, அதுதான் உங்களுக்குப் பச்சை விளக்கு. அவர்களுக்கு முந்தின ராத்திரி ஆனை எந்த நம்பர் மலையில் நின்றது, எந்தப் பக்கம் கடந்தது எல்லாம் தெரிந்திருக்கும். ரோட்டோரம் போகும்போது ஒரு காலை ஊன்றி நின்று, "அக்கா, மேலே ஒன்றும் இல்லையே?" என்று கேளுங்கள். போ என்று சொன்னால் போங்கள், இரு என்று சொன்னால் இருங்கள். மொபைலில் எந்தச் செயலியும் இவ்வளவு சரியாகச் சொல்லாது.

ஆனை விஷயத்தில் சைக்கிளுக்கு என்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு, அதைக் கார்க்காரர்களும் பைக்காரர்களும் சொல்லித்தரமாட்டார்கள். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. லாரி வருகிறது என்றால் ஆனைக்கு ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே தெரியும், அது ஒதுங்கவோ நிற்கவோ முடிவு பண்ணிக்கொள்ளும். நீங்கள் இறக்கத்தில் சத்தமே இல்லாமல் வளைவில் திடீரென்று முளைத்தால் அதுவும் பயப்படும், பயந்த ஆனை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மறைவான வளைவு வருவதற்கு முன்பே நன்றாகத் தள்ளி இருக்கும்போது பெல் அடியுங்கள், வாய்விட்டுப் பேசுங்கள், பாட்டுப் பாடுங்கள், ஒருவர் பின் ஒருவராகப் போனால் முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரிடம் கதை பேசிக்கொண்டே போகட்டும். ஆனையைக் கண்ணால் பார்த்துவிட்டால் மட்டும் பெல்லும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம், ஃப்ளாஷ் சத்தியமாக வேண்டாம். குறைந்தது நூறு, நூற்றைம்பது மீட்டர் விட்டு நின்று, வந்த வழியே பின்வாங்கி, பஸ்ஸுக்குக் காத்திருங்கள். பஸ் வந்தால் கையைக் காட்டுங்கள், டிரைவர் நிறுத்துவார், ஆனை விலகினபின் பஸ்ஸின் வாலைப் பிடித்த மாதிரி பின்னாலேயே கடந்துவிடலாம். கேரள அரசு பஸ்ஸின் சின்னத்தில் ஆனை இருப்பதால் மலையாளத்தில் அதற்குப் பெயரே ஆனவண்டி. ஆனையைக் கடக்க ஆனவண்டி.

இந்தப் பக்கம் சுற்றுகிற கொம்பன் ஆனைகளில் படையப்பாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பகலிலேயே ரோட்டில் நடந்து வந்து கடைகளை எட்டிப் பார்க்கிற ஆள். எப்போதும் சாதுவாகத்தான் இருக்கும் என்று டூரிஸ்ட் ஜீப்காரர் சொல்வார், நம்பாதீர்கள், மதம் வருகிற மாதங்களில் அதே ஆனை வேறு ஆள். பழுத்த வாழைப்பழச் சீப்பைக் கேரியரில் தொங்கவிட்டுக்கொண்டு போவதையும் தவிருங்கள். ரோட்டில் திங்க அவல், கடலை மிட்டாய், எங்கள் ஊர்ச் சர்க்கரை (வெல்லம்) உருண்டை போதும்.

அடுத்தது வட்டவடை ரோடு. மூணாறில் இருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் 32 கிலோமீட்டர், அதற்கு மேல் பாம்பாடும்சோலை, அதைத் தாண்டி வட்டவடை, மொத்தம் 45 சொச்சம். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகளை மூணாறில் இருந்து ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து ரோப்வேயில் கீழே குரங்கணிப் பக்கம் பாட்டம் ஸ்டேஷனுக்கு இறக்கி, போடிக்கு அனுப்புவார்கள். 1924 வெள்ளம் தண்டவாளத்தை அள்ளிக்கொண்டு போனதோடு சரி, மறுபடி போடவில்லை. நமக்கு இதில் என்ன என்றால், ரயில் ஏறின பள்ளத்தாக்கு என்பதால் குண்டளை வரை ஏற்றம் மூச்சை வாங்காது, புதிதாக மலை ஏறுபவருக்கும் சரிப்படும்.

மாட்டுப்பட்டியில் போட்டிங், எக்கோ பாயிண்ட்டில் கூச்சல், வழியெல்லாம் கேரட் கடை, சோளக்கடை. பகலில் இது சைக்கிள் ரோடு இல்லை. காலை ஏழு மணிக்கு மூணாறைவிட்டுக் கிளம்பி எட்டுக்குள் மாட்டுப்பட்டி அணையைக் கடந்துவிட்டால் அதற்கப்புறம் தொல்லை இல்லை. இதைவிட நல்ல வழி, வட்டவடை கோவிலூரில் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் காலையில் எதிர்த்திசையில் வருவது. நீங்கள் டாப் ஸ்டேஷன் வரும்போதுதான் முதல் டூரிஸ்ட் வண்டியே மூச்சிரைக்க மேலே வந்துகொண்டிருக்கும். கோவிலூரில் எல்லோரும் தமிழ்தான், மலைச்சரிவில் படி படியாகப் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ். ஆனால் கோவிலூரில் இருந்து மேலே ஏறுகிற ரோடு செங்குத்து, காலையில் கால் சூடேறுவதற்கு முன்பே கழுத்தைப் பிடிக்கும். கௌரவம் பார்க்காமல் இறங்கித் தள்ளலாம், நான் தள்ளுவேன்.

பாம்பாடும்சோலைக்கு இரண்டு முனையிலும் வனத்துறை செக்போஸ்ட் உண்டு. பெயர், ஊர் எழுதிக்கொண்டு விடுவார்கள், சாயங்காலத்துக்கு மேல் விடமாட்டார்கள். உள்ளே 1,900 மீட்டருக்கும் மேலே, இரண்டு பக்கமும் பாசி பிடித்த மரங்கள் ரோட்டுக்கு மேல் கை கோத்து நிற்கும், நண்பகலிலும் சட்டை நனைந்த மாதிரி ஒரு குளிர். இங்கே வண்டிச் சத்தம் இல்லாத பத்து நிமிடம் கிடைத்தால் சொட்டுச் சொட்டாக மரத்தில் இருந்து தண்ணீர் விழுவதுகூடக் கேட்கும். நிறுத்தி இறங்க அனுமதி இல்லை, மெதுவாக ஓட்ட யாரும் தடை சொல்லவில்லை. அதிர்ஷ்டம் இருந்தால் மஞ்சள் தொண்டை உள்ள கருப்பு மரநாய் குறுக்கே ஓடும். நான் இத்தனை வருடத்தில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், காட்டுமாடு மட்டும் கணக்கே இல்லை. காட்டுமாட்டையும் லேசாக எடுக்காதீர்கள், மாடுதானே என்று பக்கத்தில் போனவர்கள் தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஜனவரியில் இந்த ரோட்டில் உறைபனி. செண்டுவாரை எஸ்டேட் பக்கம் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ போகும், புல்வெளி உப்புத் தூவின மாதிரி வெள்ளையாகிவிடும். பார்க்க அழகு, பிரேக் பிடிக்கக் கை வராது. கையுறை இல்லாமல் இறக்கத்தில் போய் விரல் மரத்து, பிரேக் லீவரை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். சட்டைக்குள் நெஞ்சில் ஒரு நாளிதழை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், காற்றுக்கு அதைவிட நல்ல கவசம் இல்லை, டாப் ஸ்டேஷன் டீக்கடையில் உட்கார்ந்து படிக்கவும் செய்யலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மொபைல் மேப்பில் வட்டவடையில் இருந்து கொடைக்கானலுக்கும், காந்தலூரில் இருந்து மன்னவன் சோலை வழியாக இந்தப் பக்கத்துக்கும் கோடு தெரியும். பார்த்தால் ஆசை வரும், இருபது முப்பது கிலோமீட்டரில் முடிந்துவிடும் போலத் தோன்றும். இரண்டுமே காட்டுக்குள் போகிற பழைய பாதைகள், பொதுமக்களுக்கு மூடியவை. கொடைக்கானல் பாதை இரண்டாம் உலகப் போர் காலத்தில் தப்பிக்க வழி வேண்டும் என்று சீராக்கப்பட்டது, அப்போது அதில் கார் போனது, இப்போது நீங்கள் போனால் வழக்குதான். எஸ்டேட்டுக்குள் பிரிகிற ரோடுகளும் அப்படியே, தாரைப் போட்டு அழகாக இருக்கும், ஆனால் கம்பெனி ரோடு. வாட்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, போகாதே என்றால் திரும்பிவிடுங்கள்.

காந்தலூர் ரோடு அரைநாள் வேலை. மறையூரில் இருந்து கோவில்கடவு வரை பெரிய ஏற்றம் இல்லை, இரண்டு பக்கமும் கரும்பு, பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோவில், வழியில் பாறை மேல் முனியறைகள் (பழங்காலக் கல் அறைகள்). அதற்கு மேல்தான் ரோடு தன் குணத்தைக் காட்டும், வளைவுக்கு வளைவு சரிவு கூடும். முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34 பல் இருக்கிற கியர் இல்லாமல் இந்த ஏற்றத்துக்கு வராதீர்கள், முழங்கால் சாபம் விடும். கார்கள் வரும், ஆனால் ரோடு குறுகல் என்பதால் வேகமாக வரமுடியாது, அந்த வகையில் பிழைத்தோம்.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் ஜாக்கிரதை. புதிதில் நான் காந்தலூரில் இருந்து இறங்கும்போது பயத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். ரிம் பிரேக் வண்டி. கோவில்கடவுக்குக் கொஞ்சம் மேலே டப் என்று ஒரு சத்தம், முன் டயர் காலி. ரிம்மைத் தொட்டேன், தோசைக்கல். பிரேக் கட்டை உரசின சூட்டிலேயே டியூப் வெடித்திருக்கிறது. தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்த சர்க்கரை ஆலைக் கொட்டகையில் உட்கார்ந்தேன். கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது, ஒரு பெரியவர் அது ஆறுகிற பக்குவம் பார்த்துக் கையாலேயே உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார், விரல் ரேகை அப்படியே அதில் பதியும். "பாகையும் விட்டு விட்டுத்தான் கிண்டணும், பிரேக்கையும் விட்டு விட்டுத்தான் பிடிக்கணும்" என்றார். அவர் சைக்கிள் ஓட்டுவாரா என்று தெரியாது, சொன்னது சரி. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள், ரிம் காற்றில் ஆறும். டிஸ்க் பிரேக் என்றாலும் இதே முறைதான். அந்த உருண்டைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மறையூர் சர்க்கரை என்ற பெயரில் வேறு எங்கிருந்தோ வருவதை விற்கிறவர்களும் உண்டு, வாங்குவதானால் ஆலையிலேயே வாங்குங்கள்.

சின்னாறு ரோட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மறையூரில் இருந்து உடுமலை பக்கம் இறங்கும்போது 16 கிலோமீட்டர் சரணாலயத்துக்குள் போகிறது, முள்ளுக்காடு, வறண்ட காற்று, கேரளா என்றே நம்பமுடியாது. சாம்பல் நிற மலை அணிலையும் நட்சத்திர ஆமையையும் வைத்துக்கொண்டிருக்கிற காடு. ரோடு அழகு, வண்டியும் குறைவு, ஆனாலும் நான் இதைத் தனியாக ஓட்டச் சொல்லமாட்டேன். சின்னாறு செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒன்பதாறு செக்போஸ்ட் வரை ஆனைமலைப் புலிகள் காப்பகம். கோடையில் தண்ணீருக்காக அமராவதி அணையைத் தேடி ஆனைக் கூட்டம் இந்த ரோட்டைக் குறுக்கே கடக்கும், குட்டியோடு கடக்கும். நாலைந்து பேராகச் சேர்ந்து, காலை எட்டரைக்கு மேல், பஸ்ஸும் காரும் ஓடத் தொடங்கினபின் போங்கள். அமைதி கொஞ்சம் குறையும், குறையட்டும். செக்போஸ்ட்டில் அன்று வேலையில் இருக்கிறவர் சைக்கிளை விடமாட்டேன் என்றால் வாதாடாதீர்கள், அவர் ராத்திரி பார்த்ததை நீங்கள் பார்க்கவில்லை. மறையூர் நோக்கி ஏறுவதானால் வெயிலையும் கணக்கில் வையுங்கள், சின்னாறு 500 மீட்டருக்கும் கீழே, பத்து மணிக்கே தார் கொதிக்கும்.

போடிமெட்டு ரோடு இதற்கெல்லாம் நேர் எதிர். பழைய கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் வருகிறது, அடிவாரத்தில் உள்ள முந்தலில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்றம் பிடித்தவர்களுக்கு விருந்து. இங்கே அதிகாலை அமைதி என்ற என் சூத்திரம் வேலை செய்யாது. போடி, தேவாரம் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள் விடியற்காலையில்தான் அம்பு மாதிரி மேலே போகும், சாயங்காலம் அதே வேகத்தில் கீழே வரும். ஒன்றின் பக்கக் கம்பி என் கைப்பிடியை உரசி, நான் ஓடையில் இறங்கி நின்றேன், ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டிருந்த அண்ணன் "பார்த்து ஓட்டுப்பா" என்று எனக்கே புத்தி சொல்லிக்கொண்டு போனார். அதனால் வேலை நாளில் ஒன்பது மணிக்கு மேல் ஏறுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை காலையில், அன்று தோட்ட ஜீப் குறைவு. போடிமெட்டில் இருந்து பூப்பாறை, ஆனையிறங்கல், கேப் ரோடு வழியாக மூணாறு வரை ரோட்டை அகலப்படுத்தி வழவழவென்று வைத்திருக்கிறார்கள். அகல ரோடு என்றால் கார் வேகம். ஆனையிறங்கல், பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் பஸ்ஸில்தான் போவேன்.

சைக்கிளை மலைக்குக் கொண்டுவர ஒரு வழி: காந்தலூர், வட்டவடையில் காய்கறி ஏற்ற வருகிற பிக்கப் வண்டிகள் மேலே வரும்போது பெரும்பாலும் காலி. உடுமலைச் சந்தைப் பக்கம் விசாரித்து டிரைவர் அண்ணனிடம் பேசினால், டீசலுக்கு ஏதோ கொடுத்து, சைக்கிளோடு நீங்களும் ஏறிக்கொள்ளலாம். சாக்கு விரித்துப் படுக்கவையுங்கள், செயின் பக்கம் மேலே இருக்கட்டும். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 32 என்றால் இன்னும் நல்லது. டியூப் இரண்டு, பஞ்சர் சொல்யூஷன், பம்ப், சிவப்புப் பின்விளக்கு, இவ்வளவு போதும், மறையூரிலும் மூணாறிலும் பஞ்சர் ஒட்டுவார்கள், கியர் வண்டி கேபிள் அறுந்தால் மட்டும் உடுமலைக்குத்தான் வரவேண்டும். பாம்பாடும்சோலைக்குள்ளும் சின்னாறுக்குள்ளும் சிக்னல் போய்விடும், எந்த நேரத்துக்கு எந்தச் செக்போஸ்ட் கடப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

வட்டவடையில் பூண்டு வாங்குவதாக இருந்தால் போகும்போது வாங்காதீர்கள், திரும்புகிற காலையில் வாங்குங்கள், ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், கோவிலூர் ஏற்றத்தில் அந்த ஒரு கிலோவே பத்து கிலோவாகத் தெரியும்.